தேர்தல் நாளில் ஒரு தொலைபேசி எண் என்ன செய்ய முடியும்?

மலேசியாவில் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தொலைபேசி எண்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒன்று தேர்தல் ஆணையத்துடையது, ஒன்று ஊழல் தடுப்பு ஆணையத்துடையது, ஒன்று கட்சியின் சேவை மையம், இன்னொன்று ஏதோ ஒரு பொது அமைப்பு நடத்தும் வாக்காளர் உரிமை ஹாட்லைன். செந்தூலில் ஒரு பள்ளிக்கூட வாசலில் "உங்கள் பெயர் இங்கே இல்லை" என்று சொல்லப்பட்டு நிற்கும் ஒருவர் இவற்றில் எதை அழைப்பது? எடுப்பவர் அதிகாரியா, வழக்கறிஞரா, கட்சிக்காரரா? அவரால் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை குறித்துக்கொள்வதோடு சரியா?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 2018 பொதுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் சுமார் 1 கோடியே 49 லட்சம் பேர் இருந்தார்கள். 2022 நவம்பர் 19 தேர்தலில் அந்த எண்ணிக்கை 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கூடியவர்களில் பெரும்பாலோர் விண்ணப்பம் எதுவும் போடாமலேயே வாக்காளர் ஆனவர்கள். தாங்கள் எந்தத் தொகுதியில் இருக்கிறோம் என்று தேர்தல் வாரத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். நடப்பு நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19. ஐந்தாண்டுக் கணக்குப்படி 2027 டிசம்பருக்குள் அது கலைந்துவிடும். அதிலிருந்து 60 நாட்களுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். ஹாட்லைன் நடத்த நினைப்பவர்களுக்கும் அழைக்கப்போகிறவர்களுக்கும் இதன் அடிப்படைகள் இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

யாருக்கு என்ன அதிகாரம்

முதலில் அதிகாரம் உள்ளவர்களைப் பிரித்துப் பார்ப்போம்.

1. தேர்தல் ஆணையம், அதாவது எஸ்.பி.ஆர். மத்திய அரசியலமைப்பின் கீழ் அமைந்தது. வாக்காளர் பட்டியல், தொகுதி எல்லை, வாக்களிப்பு மையம், அதிகாரிகள், வாக்குச் சீட்டு, விரலில் வைக்கும் மை எல்லாம் இதன் பொறுப்பு. பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு முடிவான பதில் இங்கேதான் கிடைக்கும்.

2. போலீஸ். மிரட்டல், அடிதடி, ஆள்மாறாட்டம் போன்றவற்றுக்குப் புகார் கொடுக்கும் இடம்.

3. ஊழல் தடுப்பு ஆணையம். ஓட்டுக்குப் பணம், பொருள், விருந்து என்று வந்தால் இங்கே. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தில் 8ஆம் பிரிவு விருந்தளிப்பு, 9ஆம் பிரிவு முறையற்ற நெருக்குதல், 10ஆம் பிரிவு லஞ்சம்.

பொது அமைப்பின் ஹாட்லைனுக்கு இந்த அதிகாரங்களில் ஒன்றுகூடக் கிடையாது. அது ஒருவரைச் சாவடிக்குள் அனுப்ப முடியாது, சீட்டு வாங்கித் தர முடியாது, யாரையும் கைது செய்ய வைக்க முடியாது. அதனால் முடிந்தவை மூன்று: விதியைச் சரியாகச் சொல்வது, சரியான கதவைக் காட்டுவது, நடந்ததை நேரத்தோடும் இடத்தோடும் பதிவு செய்வது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்கிற ஹாட்லைன் ஓர் ஓட்டைக் காப்பாற்றும். இவற்றை விட்டுவிட்டு ஆறுதல் மட்டும் சொல்கிற ஹாட்லைன், அழைத்தவரின் கடைசி அரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் புளோரிடா மாநிலத்தில் 537 ஓட்டில் முடிவானது. குற்றவாளிகள் என்று தவறாகக் குறிக்கப்பட்டதால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள், குழப்பமான சீட்டில் தப்பாகத் துளையிட்டவர்கள் என்று அங்கே எழுந்த பிரச்சினைகள் ஏராளம். சாவடி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அந்த நிமிடத்தில் கேட்க ஆள் இல்லை என்பது அப்போது உறைத்தது. அதன்பிறகு குடிமை உரிமைகளுக்காகப் போராடும் வழக்கறிஞர் அமைப்புகள் சேர்ந்து ஒரு தேசிய இலவச எண்ணைத் தொடங்கின. தொண்டூழியம் செய்யும் வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் அதில் அமர்ந்து பதில் சொல்கிறார்கள். ஸ்பானிஷ், அரபு, சில ஆசிய மொழிகள் பேசுவோருக்குத் தனி எண்களும் உண்டு.

இந்தியாவில் தேர்தல் ஆணையமே 1950 என்ற எண்ணை நடத்துகிறது. 2018இல் அது கொண்டுவந்த சி-விஜில் செயலியில் படத்தோடு புகார் போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்று காலக்கெடு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலக்கெடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று வாரம் கழித்து வரும் பதிலால் தேர்தல் புகாருக்குப் பயனில்லை.

நம் நாட்டில் தூய்மையான தேர்தல் கேட்டு 2006இல் உருவான பெர்சே இயக்கமும், மாஃப்ரெல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளும், பெமந்தாவ் என்ற பெர்சேயின் கண்காணிப்புத் தொண்டூழியர்களும் இந்த வேலையின் பல பகுதிகளைச் செய்திருக்கிறார்கள். ஆனால் கண்காணிப்பாளர் சாவடியில் நின்று தான் பார்ப்பதை எழுதுபவர். ஹாட்லைனில் இருப்பவர் கண்ணால் எதையும் பார்க்காமல் ஒரு குரலை நம்பி வேலை செய்பவர். இரண்டுக்கும் பயிற்சி வேறு.

தேர்தல் நாளுக்கு முன்பே முடிந்துவிடும் பாதிப் பிரச்சினை

ஹாட்லைன் என்றால் தேர்தல் நாளன்று காலை 8 மணிக்குத் திறப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் பயனுள்ள நாட்கள் அதற்கு மாதக்கணக்கில் முன்னால் இருக்கின்றன. காரணம் முகவரி.

வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் நிறைவேறியது. தாமதம் ஆனபோது இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். கூச்சிங் உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று திருத்தம் நடப்புக்கு வந்தது. கூடவே தானியங்கிப் பதிவும் வந்தது. நல்ல சீர்திருத்தம், சந்தேகமில்லை. ஆனால் பதிவு எந்த முகவரியில் நடக்கிறது? ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கும் முகவரியில்.

நம் குடும்பங்களில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். எஸ்டேட் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயம் இடிக்கப்பட்டு, கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகியிருக்கும். ஐசியில் இன்னும் பேராக்கிலோ சிலாங்கூரிலோ உள்ள தோட்டத்தின் பெயர்தான். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பதால் "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். பட்டர்வொர்த்தில் பிறந்து கோலாலம்பூரில் வேலை செய்யும் பையனுக்கும் இதே கதைதான். இன்னொரு மாநிலத்தில் வேலை பார்க்கிறோம் என்பதற்காகச் சாதாரண வாக்காளருக்கு அஞ்சல் ஓட்டு கிடைப்பதில்லை. பஸ் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இங்கே சட்டத்தின் ஒரு முடிச்சு இருக்கிறது. 1958ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி, சான்றளித்து அரசிதழில் வெளியிடப்பட்ட பட்டியலை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது. ஆகவே தேர்தல் நாளன்று காலையில் "நான் இங்கேதான் குடியிருக்கிறேன், மின்சார பில் இருக்கிறது" என்று எவ்வளவு வாதாடினாலும் பலன் இல்லை. பட்டியலில் எங்கே பெயர் இருக்கிறதோ அங்கே போனால்தான் ஓட்டு.

அதனால் முன்கூட்டியே அழைப்பவருக்கு ஹாட்லைன் சொல்ல வேண்டிய வரிசை இது:

1. எஸ்.பி.ஆரின் இணைய சேவையில் 12 இலக்க ஐசி எண்ணைப் போட்டு இப்போதைய தொகுதியைப் பாருங்கள். பெயரை வைத்துத் தேட வேண்டாம். தமிழ்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டு ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும், எண் மாறாது.

2. குடியிருப்பு மாறியிருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் ஐசி முகவரியை மாற்றுங்கள்.

3. அத்தோடு நின்றுவிடாதீர்கள். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் தொகுதி மாற்றத்துக்கு எஸ்.பி.ஆரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐசியை மாற்றினாலே போதும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

4. கூடுதல் வாக்காளர் பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும்போது உங்கள் விண்ணப்பம் ஏறியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். ஆட்சேபம் சொல்லும் காலம் அதுதான்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு வகை அழைப்பும் வரும். கேட்கவே மனம் கனக்கும் அழைப்பு அது. இங்கேயே பிறந்து, அறுபது வயதாகி, இன்னும் குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர், "எல்லாரையும் தானாகச் சேர்த்துவிட்டார்களாமே, என் பேர் ஏன் இல்லை?" என்று கேட்பார். குடிமக்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்பதால் எந்தத் தேர்தல் ஹாட்லைனாலும் அவருக்கு ஓட்டு வாங்கித் தர முடியாது. ஆனால் "நீங்கள் வாக்காளர் இல்லை" என்று சொல்லி வைத்துவிடவும் கூடாது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு உதவும் அமைப்புகளின் பட்டியல் மேசையில் இருக்க வேண்டும். பெயரும் திரும்ப அழைக்க எண்ணும் வாங்கி அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

சாவடிக்குள் என்ன நடக்கும் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது

ஒரு வாக்களிப்பு மையம் பெரும்பாலும் பள்ளிக்கூடம். அதற்குள் பல வகுப்பறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு சாலுரான். வயது வாரியாகப் பிரித்திருப்பார்கள். மூத்தவர்கள் 1ஆம் சாலுரான், இளையவர்கள் கடைசி எண்கள். ஒரே வீட்டில் இருந்து போகும் பாட்டியும் பேத்தியும் வேறு வேறு அறைக்குப் போவது இதனால்தான். "அம்மா பேர் இருக்கு, என் பேர் இல்லை" என்ற பதற்றத்துக்குப் பல நேரம் தப்பான வரிசையில் நின்றதுதான் காரணமாக இருக்கும்.

அறைக்குள் மூன்று எழுத்தர்கள். முதலாமவர் ஐசியைப் பார்த்துப் பெயரை உரக்கப் படிப்பார். வேட்பாளர்களின் முகவர்கள் தங்கள் பட்டியலில் சரிபார்ப்பதற்காகவே இந்தச் சத்தம். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் அழியாத மை வைப்பார். இந்த மை 2013இல்தான் பொதுத் தேர்தலில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. 2008இல் கொண்டுவருவதாகச் சொல்லி, தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு கைவிட்டார்கள். மூன்றாமவர் சீட்டைக் கொடுப்பார். இவர்களுக்கு மேலே சாவடித் தலைமை அதிகாரி இருக்கிறார். அந்த அறையில் முடிவெடுக்கும் அதிகாரம் அவருடையது. ஹாட்லைனிலிருந்து அடிக்கடி சொல்ல வேண்டிய வாக்கியமே இதுதான்: "அறையின் தலைமை அதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள்."

சரி, ஓர் அழைப்பை அருகிலிருந்து கேட்போம். 2022 நவம்பர் 19, பினாங்கு, காலை மணி 9.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பவர் வயதான பெண். எடுப்பவர் ஒரு சட்ட மாணவி.

"வணக்கம்மா, வாக்காளர் உதவி எண். சொல்லுங்க."

"ஒரு சீட்டுதாம்மா குடுத்தாங்க. போன தடவ ரெண்டு குடுத்தாங்களே. ஒண்ண அமுக்கிட்டாங்களா?"

"நீங்க இப்ப எங்க இருக்கீங்கம்மா? ஸ்கூல் உள்ளயா, வெளியவா?"

"வெளிய வந்துட்டேன். ஓட்டு போட்டாச்சு."

"சரிம்மா. எந்த ஊரு ஸ்கூலு?"

ஊர் பெயரைக் கேட்டதும் மாணவிக்குப் பதில் தெரிந்துவிடும். 2018இல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல் நடந்ததால் பினாங்கில் இரண்டு சீட்டு. 2022இல் பினாங்குச் சட்டமன்றம் கலைக்கப்படவில்லை, ஆகவே ஒரே சீட்டு. சட்டமன்றத் தேர்தல் பிறகு 2023 ஆகஸ்ட் 12 அன்று தனியாக நடந்தது. கோலாலம்பூர்வாசி என்றால் கேள்வியே எழாது. கூட்டரசுப் பிரதேசத்தில் சட்டமன்றம் இல்லாததால் எப்போதும் ஒரு சீட்டுதான். ஆனால் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு முகவரி மாற்றிக்கொண்டவருக்கு இது தெரிந்திருக்காது.

மாணவி இதை இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டால் அந்த அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போவார். விளக்காவிட்டால், "சீட்டைத் திருடுகிறார்கள்" என்ற குரல் பதிவு அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். ஹாட்லைனுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும்: மோசடி எதுவும் நடக்காமல், விதி புரியாததால் வரும் பயம். அதைப் போக்குவதும் உரிமைப் பாதுகாப்பில் சேர்ந்ததுதான் என்பது என் கருத்து. ஓட்டு எண்ணப்படும் என்று நம்பாதவர் அடுத்த முறை வரமாட்டார்.

சின்னத்தைப் பற்றிய குழப்பமும் அப்படித்தான். 2018இல் கோலாலம்பூரில் 'பத்து' என்ற பெயருள்ள நாடாளுமன்றத் தொகுதியில் கட்சி வேட்பாளர் தியான் சுவாவின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. கடைசியில் அவருடைய கூட்டணியின் ஆதரவு சுயேச்சையாக நின்ற 22 வயது பிரபாகரனுக்குப் போனது, அவர் வென்றார். வழக்கமான சின்னத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனவர் சீட்டைப் பார்த்துத் திகைத்திருப்பார். அப்படி ஒருவர் அழைத்தால் எந்தச் சின்னம் யாருக்கு என்று ஹாட்லைன் சொல்லலாமா? தொகுதியின் எல்லா வேட்பாளர்களையும், எல்லாச் சின்னங்களையும், சீட்டில் இருக்கும் வரிசையிலேயே வாசித்துக் காட்டலாம். ஒருவருடையதை மட்டும் சொன்னால் அது பிரசாரம்.

கேட்க வேண்டியவை, கேட்கக் கூடாதவை

எடுப்பவரின் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் கேள்விகளின் வரிசை முக்கியம்.

1. இப்போது எங்கே இருக்கிறீர்கள்? வரிசையிலா, அறைக்குள்ளா, வெளியிலா? (அறைக்குள் கைப்பேசி கூடாது. உள்ளிருந்து பேசினால் முதலில் வெளியே வரச் சொல்ல வேண்டும்.)

2. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டீர்களா? சீட்டு கறைபட்டாலோ தப்பாகக் குறித்துவிட்டாலோ போடுவதற்கு முன் திருப்பிக் கொடுத்து வேறு கேட்கலாம். போட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

3. எந்த மையம், எத்தனையாவது சாலுரான்?

4. நீங்களே பார்த்ததா, ஒருவர் சொன்னதா? சொன்னவர் என்றால் அவரை அழைக்கச் சொல்லுங்கள்.

5. மணி என்ன? கூட யார் இருந்தார்கள்?

"யாருக்குப் போட்டீர்கள்" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. அழைப்பவரே சொல்ல வந்தாலும் நிறுத்த வேண்டும். முழு ஐசி எண் பட்டியலைப் பார்ப்பதற்கு மட்டும் தேவைப்படும். முடிந்தவரை அழைப்பவரையோ அவர் பக்கத்தில் இருப்பவரையோ எஸ்.பி.ஆர் சேவையில் தட்டிப் பார்க்கச் சொல்லி வழிகாட்டுவது மேல். வேறு வழியில்லாமல் வாங்கினால், பார்த்து முடித்ததும் தாளில் விட்டுவைக்கக் கூடாது. ஐசி எண்ணோடு தொகுதியும் சேர்ந்த ஒரு நோட்டு யார் கைக்குப் போனாலும் ஆபத்து.

மேசையில் இருப்பவர் எந்தக் கட்சியின் முகவராகவும் இருக்கக் கூடாது. தெரியாத கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்லக் கூடாது. 2018இல் மாலை 5 மணிக்கு மூடும்போது பல இடங்களில் வரிசை நின்றது. நேரத்தை நீட்டிக்கக் கேட்டார்கள், ஆணையம் ஏற்கவில்லை. 2022இல் தீபகற்பத்தில் 6 மணி வரை நேரம் இருந்தது. பழைய ஞாபகத்தில் ஒரு மணி நேரத்தை மாற்றிச் சொன்னாலே ஒருவருடைய ஓட்டு போய்விடும். அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தத் தேர்தலின் அறிவிப்பிலிருந்தே விடைத்தாளைப் புதிதாக எழுத வேண்டும்.

வேலை இடத்திலிருந்து வரும் அழைப்பு

ஹாட்லைன் உண்மையிலேயே ஓட்டைக் காப்பாற்றும் இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். செக்கியூரிட்டி வேலை, உணவகம், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் ஷிப்ட் வேலை என்று நம்மில் நிறையப் பேருக்குச் சனிக்கிழமை விடுமுறை கிடையாது. காலை 7 முதல் இரவு 7 வரை காவல் பணி. சாவடி மூடுவது 6 மணி. "போனால் ஒரு நாள் சம்பளம் வெட்டு" என்று மேற்பார்வையாளர் சொல்லியிருப்பார்.

தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. வாக்களிக்க நியாயமான நேரத்தை முதலாளி தர வேண்டும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. பெரும்பாலான மேற்பார்வையாளர்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. அழைத்தவர் சம்மதித்தால், ஹாட்லைனில் இருக்கும் வழக்கறிஞர் அந்த மேற்பார்வையாளரை மரியாதையாக அழைத்துப் பிரிவு எண்ணைச் சொல்லலாம். மாற்று ஆள் எத்தனை மணிக்கு வர முடியும் என்று கேட்கலாம். அழைத்தவர் தன் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றால் அதை மதித்து, பிரிவின் வாசகத்தை மலாய் மொழியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அவரே காட்டிக்கொள்ள விடலாம். வேலையை இழக்கும் பயம் நமக்கு இல்லை, அவருக்கு இருக்கிறது. ஆகவே எந்த வழி என்பதை முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான்.

எத்தனை பேர் உட்கார வேண்டும்

நல்லெண்ணத்தோடு தொடங்கிய ஹாட்லைன்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு மணி நேரத்தில் 120 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 4 நிமிடம் என்று வைப்போம். மொத்தம் 480 நிமிடப் பேச்சு. 60ஆல் வகுத்தால் 8. அப்படியானால் 8 பேர் போதுமா? போதாது. அழைப்புகள் வரிசை கட்டி வருவதில்லை, கொத்துக் கொத்தாக வரும். டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் நூறு ஆண்டுகளுக்கு முன் தொலைபேசி நிலையங்களுக்காகக் கண்டுபிடித்த சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 9 பேர் இருந்தால் சராசரிக் காத்திருப்பு இரண்டரை நிமிடத்தைத் தாண்டும். 10 பேர் என்றால் சுமார் 50 விநாடி. 11 பேர் என்றால் 20 விநாடி. ஒரே ஓர் ஆள் கூடுவதும் குறைவதும் இவ்வளவு வித்தியாசம் செய்யும்.

இப்போது மொழியைச் சேர்த்துப் பாருங்கள். கால்வாசி அழைப்பு தமிழில் வருகிறது என்றால், 11இல் கால்வாசி, மூன்று தமிழர் இருந்தால் சரி என்று தோன்றும். அதே கணக்குப்படி மூன்று பேர் வைத்தால் தமிழில் பேச வேண்டியவர் சராசரியாக ஒன்றே முக்கால் நிமிடம் காத்திருப்பார். நான்கு பேர் வைத்தால் 20 விநாடி சொச்சம். குழு சிறிதாகும்போது விகிதாசாரம் ஏமாற்றிவிடும். "தமிழுக்கு ஓர் ஆள் போட்டிருக்கிறோம்" என்று சொல்லும் அமைப்பாளர்களிடம் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். தமிழ் மட்டுமே சரளமாக வரும் வாக்காளர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள். வாசலில் ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடி கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுபவர்களும் அவர்கள்தான்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1-800 என்று தொடங்கும் எண் அழைப்பவருக்கு இலவசம், 1-300க்கு உள்ளூர்க் கட்டணம். முன்கூட்டிய கட்டணக் கைப்பேசியில் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் வைத்திருப்பவர் எதை அழைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வாட்ஸ்அப் எண்ணும் வேண்டும்தான், படம் அனுப்புவதற்கு. ஆனால் அங்கே வரும் குரல் பதிவை உடனே கேட்க ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மாலையில் திறந்து பார்க்கிற வாட்ஸ்அப் வெறும் குப்பைத் தொட்டி.

பதிவேடு எங்கே போகிறது

சாவடி மூடியதும் தொலைபேசியை எடுத்து வைத்துவிட முடியாது. ஒவ்வொரு சாலுரானிலும் எண்ணிக்கை நடந்து, முடிவு 14ஆம் படிவத்தில் எழுதப்பட்டு, முகவர்களுக்கு நகல் தரப்பட வேண்டும். நகல் கிடைக்கவில்லை, கையெழுத்து இல்லை என்ற அழைப்புகள் இரவில்தான் வரும்.

அதன்பிறகு நீதிமன்றத்தின் காலக்கெடு ஆரம்பிக்கிறது. முடிவு அரசிதழில் வந்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள், அந்த முடிவை எதிர்க்கும் தேர்தல் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். மனு என்ன செய்யும் என்பதற்கு 2018 தேர்தலே இரண்டு உதாரணம் தந்தது. ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் டாக்டர் ஸ்ட்ரீராம் நுழைவு அட்டை இல்லை என்று வேட்புமனு மையத்துக்குள் விடப்படவில்லை. எதிர் வேட்பாளர் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். 2018 நவம்பர் 16 அன்று தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2019 ஏப்ரல் 13 அன்று இடைத்தேர்தல் நடந்து, அதில் முகமட் ஹசானே மறுபடி வென்றார். ஆனால் இம்முறை ரந்தாவ் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில், பூர்வகுடி வாக்காளர்களிடையே பணம் கொடுக்கப்பட்டது நிரூபிக்கப்பட்டு 2018 நவம்பர் 30 அன்று சிவராஜின் வெற்றி செல்லாததாக்கப்பட்டது.

இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் பார்த்தது யார், எங்கே, எப்போது, யார் முன்னால் என்பதைத்தான். "எங்கள் பகுதியில் பணம் ஓடியது" என்ற பொதுப் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. ஹாட்லைன் பதிவு மட்டுமே ஆதாரம் ஆகிவிடாது. அழைத்தவர் சாட்சி சொல்ல முன்வர வேண்டும், போலீஸ் புகார் இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சாட்சியை மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடிக்க உதவுவது பதிவேட்டில் இருக்கும் ஒரு வரிதான்: மணி 10.35, மையத்தின் பெயர், 3ஆம் சாலுரான், அழைத்தவர் நேரில் பார்த்தார், மறுபடி அழைக்கச் சம்மதம்.

அப்படி எழுதப்பட்ட பதிவேட்டை மூடுவதற்கான நாள் அரசிதழ் வெளியாகி 29ஆம் நாள். வழக்குக்குப் போனவை வழக்கறிஞரிடம் போகும். திரும்ப அழைப்பதாகச் சொல்லி வைத்தவர்களுக்கு அதற்குள் பதில் சொல்லி முடித்திருக்க வேண்டும். மிச்சமுள்ள பெயர்களும் எண்களும் அழிக்கப்பட வேண்டும்.